வீடற்றோருக்கு உதவும் குழு: எந்தப் பணத்தை நம்பி இறங்கலாம்?

"அண்ணே, நண்பர்கள் சேர்ந்து பேநவ்வில் காசு போட்டு இதுவரை ஓட்டிவிட்டோம். இப்போது ஆளும் கூடிவிட்டது, தேவையும் கூடிவிட்டது. சங்கமாகப் பதிவு செய்யலாமா, அமைச்சிடம் போகலாமா, இல்லை ஏதாவது கம்பெனியைப் பிடிக்கலாமா?"

சிறிய அறநிறுவனங்களுக்குக் கௌரவப் பொருளாளராக இருந்து கணக்குப் பார்ப்பவன் நான். அதனால் இந்தக் கேள்வி ஆளை மாற்றி ஆளாக என்னிடம் வந்துகொண்டே இருக்கிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் வாரக் கடைசியில் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு கிளம்பும் தொண்டூழியர்கள். கோவில் இளையர் குழு, பழைய மாணவர் வட்டம், ஒரே புளோக்கில் குடியிருக்கும் நாலைந்து குடும்பங்கள் என்று பல வகை. அவர்களுக்காகவே இந்த ஒப்பீடு.

## முதலில் களத்தைப் பாருங்கள்

சிங்கப்பூரில் தெருவில் உறங்குவோர் எண்ணிக்கை வெளியே தெரிய வந்து ரொம்ப காலம் ஆகவில்லை. லீ குவான் யூ பொதுக் கொள்கைப் பள்ளியின் ஆய்வாளர் இங் கோக் ஹோ 2019-இல் வெளியிட்ட ஆய்வு, தீவு முழுக்க 921 முதல் 1,050 பேர் வரை வெளியில் உறங்குவதாகச் சொன்னது. அவர்களில் பத்தில் ஆறு பேர் வேலை செய்பவர்கள். 2021-இல் அதே குழு மறுபடி எண்ணியபோது தெருவில் 616 பேர், தற்காலிகத் தங்குமிடங்களில் 420 பேர். 2022-இல் சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சு நடத்திய எண்ணிக்கையில் தெருவில் இருந்தவர்கள் 530.

எண்ணிக்கை குறைவது நல்ல செய்திதான். ஆனால் நிதி திரட்டுபவருக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. பெஞ்சில் படுத்திருப்பவர் கண்ணில் பட்டால் பணம் வரும். தங்குமிடத்துக்குள் போய்விட்டவர் கண்ணில் படமாட்டார். அவருக்குச் செலவு அப்போதுதான் ஆரம்பிக்கிறது. 2020 கோவிட் முடக்கமான சர்க்கிட் பிரேக்கரின்போது ஊரே அடைந்து கிடக்க, போக இடமில்லாதவர்கள் எல்லார் கண்ணிலும் பட்டார்கள். கொடுக்கும் கையும் தாராளமாக இருந்தது. அந்த நினைவு மங்க மங்கக் கையும் சுருங்கிவிட்டது. விலைவாசியோ சுருங்கவில்லை. பொருள் சேவை வரி 2023-இல் 8 விழுக்காடு, 2024-இல் 9 விழுக்காடு ஆனது. வரிக்குப் பதிவு செய்யாத சிறு அமைப்பு அதைத் திரும்பக் கேட்க முடியாது. அப்படியே தலையில் விழும்.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். தொடக்கத்தில் சட்டென்று உதவி பெற்று மேலே வந்தவர்கள் வந்துவிட்டார்கள். இன்னும் வெளியில் இருப்பவர்களில் பலர் ஆண்டுக்கணக்காக அப்படி இருப்பவர்கள். கடன், குடும்ப முறிவு, மனநலம், குடி, வாடகை பாக்கி என்று பல முடிச்சுகள். ஒரு ஆளுக்கு ஆகும் நேரம் கூடுகிறது, ஆள் எண்ணிக்கை குறைகிறது. "ஒரு வெள்ளிக்கு (டாலருக்கு) எத்தனை பேர் பயனடைந்தார்கள்?" என்று கேட்கும் கொடையாளருக்கு இதை விளக்கிப் புரியவைப்பது லேசில்லை.

## எதை வைத்து எடைபோடுவது

இறங்கும் முன் ஒவ்வொரு வழியையும் இந்தக் கேள்விகளால் குடைந்து பார்க்கச் சொல்வேன்:

- இந்தப் பணத்தைச் சம்பளத்துக்குப் பயன்படுத்தலாமா?
- எத்தனை ஆண்டு நம்பலாம்?
- முன்னாலேயே வருமா, நாம் செலவு செய்து பில் கொடுத்த பிறகு வருமா?
- அறிக்கை, தணிக்கை, படிவம் என்று எவ்வளவு நேரம் தின்னும்?
- யாருக்கு உதவலாம் என்பதை யார் தீர்மானிப்பது?
- உதவி பெறுபவரின் முகத்தைக் காட்டச் சொல்வார்களா?

எனக்கு முதல் கேள்விதான் முக்கியம். ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

நாற்பது பேருக்கு, பொட்டலம் 4 வெள்ளி, வாரம் இரண்டு முறை. ஆண்டுக்கு 16,640 வெள்ளி. இதை யாரும் தருவார்கள். பிறந்தநாளுக்குத் தருவார்கள், அப்பா திதிக்குத் தருவார்கள், வளைகாப்புக்குக்கூடத் தந்திருக்கிறார்கள். இப்போது முழுநேர ஊழியர் ஒருவரை வைப்போம். மாதச் சம்பளம் 4,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாளி பங்கு மசேநிதி (மத்திய சேம நிதி) 17 விழுக்காடு சேர்த்தால் 4,680. பதின்மூன்றாம் மாதச் சம்பளத்தோடு ஆண்டுக்கு 60,840 வெள்ளி. "எங்கள் தாத்தா நினைவாக உங்கள் சமூக ஊழியரின் மசேநிதியை நாங்கள் கட்டுகிறோம்" என்று யாரும் போன் போட்டதில்லை.

ஆனால் ஆளை பெஞ்சிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோவது அந்த ஊழியர்தான். சமூகச் சேவை அலுவலகத்துக்குக் கூடப் போவது, தொலைந்த அடையாள அட்டைக்கு விண்ணப்பிப்பது, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வாடகை வீட்டுக்கு வரிசையில் நிற்பது, பழைய பாக்கிக்குத் தவணை பேசுவது எல்லாம் அலுவலக நேரத்தில் நடக்கும் வேலை. சனி, ஞாயிறு தொண்டூழியரால் ஆகாது. ஓரறை வீட்டில் முன்பின் தெரியாத இருவர் சேர்ந்து குடியேறினால், மூன்றாம் வாரம் மின்விசிறிக்கும் விளக்குக்கும் தகராறு வரும். அப்போது ராத்திரி பதினொன்றுக்குப் போனை எடுப்பவரும் அவரேதான். 2021 டிசம்பரில் வீவக முன்னோட்டமாகத் தொடங்கிய திட்டத்தில் தனியாள் ஒருவர் வீட்டைப் பகிரும் கூட்டாளியைத் தானே தேடாமல் விண்ணப்பிக்கலாம், அந்த வீடுகளை நடத்தும் அமைப்பு ஒன்று பொறுப்பேற்கும் என்று வந்தது இந்தத் தொல்லையைக் குறைத்திருக்கிறது. போகவில்லை.

ஆகவே, சம்பளத்துக்கு வழி சொல்லாத பணம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் எனக்கு அது இரண்டாம் பணம்.

## வழி 1: அரசாங்கத்தோடு சேர்ந்து நடத்துவது

2019-இல் அமைச்சு பியர்ஸ் என்ற கூட்டமைப்பைத் தொடங்கியது. அரசு அமைப்புகள், சமய அமைப்புகள், சமூகச் சேவை அமைப்புகள், தெருவில் இறங்கிப் பேசும் குழுக்கள் எல்லாம் அதில் உண்டு. இதற்குள் இரண்டு வகைத் தங்குமிடங்கள். ஒன்று, சமய, சமூக அமைப்புகள் தங்கள் இடத்தை இரவில் படுக்கத் திறந்துவிடுவது, எஸ்3பி என்பார்கள். மற்றொன்று, சில மாதங்கள் தங்கி வீட்டுக்கு வழி தேடும் இடைக்காலத் தங்குமிடம். நியூ ஹோப் சமூகச் சேவை போன்ற அமைப்புகள் நடத்துபவை இரண்டாவது வகை.

இடைக்காலத் தங்குமிடத்தை நடத்த ஒப்பந்தம் கிடைத்தால், நான் மேலே சொன்ன முதல் கேள்விக்கு இதைவிடத் திருத்தமான பதில் வேறெங்கும் கிடைக்காது. சம்பளம் அதில் அடங்கும், ஆண்டுகளும் தெரியும். சமூகத்துறைக்குத் தேசிய சமூகச் சேவை மன்றம் சம்பள வழிகாட்டி வெளியிடுகிறது. அரசு நிதி பெறும் திட்டங்களால் அதை ஒட்டிக் கொடுக்க முடியும். சொந்தக் காசில் நடக்கும் அமைப்பு அதே ஆளுக்காகப் போட்டிபோட வேண்டும். இது வெளியே பேசப்படாத விஷயம், ஆனால் நல்ல ஊழியர் ஒருவர் இரண்டு ஆண்டில் கிளம்பிப் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

மறைந்த செலவு எங்கே? முதலில் இடம். எஸ்3பி நடத்தப் பாய் விரித்தால் போதும் என்று நினைப்பவர்கள் ஒரு முறை மூட்டைப்பூச்சி வந்த பிறகு பேசுவது வேறாக இருக்கும். மெத்தை உறை, துவைக்கும் இயந்திரம், பூட்டுள்ள லாக்கர், இரவு முழுக்க விழித்திருக்கும் ஆள், காலையில் கழுவிவிடும் ஆள், கூடிப்போகும் தண்ணீர், மின்சாரக் கட்டணம். வெள்ளிக்கிழமை அதே மண்டபத்தில் பஜனையோ தொழுகையோ இருந்தால் பாயைச் சுருட்டி எங்கே வைப்பது என்பதுகூட ஒரு பிரச்சினைதான். சமயத் தலத்தின் நிர்வாகக் குழு மாறினால் மனமும் மாறலாம்.

அப்புறம் அறிக்கை. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் நிலையான இடத்துக்குப் போனார்கள் என்று எண் கேட்பார்கள். கேட்பதில் தப்பில்லை, பொதுப்பணம். ஆனால் ஆறு மாதம் பேசி ஒருவரை மருத்துவரிடம் அழைத்துப்போனதை எந்தக் கட்டத்திலும் நிரப்ப முடியாது. உள்ளே வர மறுப்பவர், குடியுரிமைச் சிக்கல் உள்ளவர் போன்றோருக்கும் இந்தப் பணம் எளிதில் பொருந்தாது.

எப்போது இது சரி: ஏற்கெனவே பதிவும், தணிக்கை செய்த கணக்கும், முழுநேர ஆளும் இருக்கும்போது. புதிய குழுவுக்கு இது வாசல் அல்ல. ஆனால் கூட்டமைப்பில் சேர்வது வேறு, நிதி வாங்குவது வேறு. பணம் ஒன்றும் கேட்காமலேயே சேர்ந்து பணியாற்றலாம். எந்தத் தங்குமிடத்தில் இன்று இரவு இடம் இருக்கிறது என்று தெரிவது பணத்தைவிடப் பெரிது.

## வழி 2: பொதுமக்கள் நன்கொடை, ஐபிசி தகுதி, இணைநிதி

எல்லாருக்கும் இந்த வழிமேல் ஒரு கண். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

படி ஒன்று, பதிவு. சங்கமாகவோ, உத்தரவாத வரம்புள்ள நிறுவனமாகவோ, அறக்கட்டளையாகவோ அமைத்து, பிறகு அறநிறுவனமாகப் பதிவது. நிர்வாகக் குழுவில் குறைந்தது மூவர் வேண்டும், அதில் இருவர் குடிமக்களாகவோ நிரந்தரவாசிகளாகவோ இருக்க வேண்டும். படி இரண்டு, ஐபிசி தகுதி, அதாவது கொடுப்பவருக்கு வரிக்கழிவு கிடைக்கச் செய்யும் பொதுநல அமைப்பு என்ற அங்கீகாரம். இது தானாக வருவதல்ல, என்றென்றைக்கும் தருவதுமல்ல. காலம் குறித்துத் தருவார்கள், புதுப்பிக்க வேண்டும். உதவி இனத்துக்கோ மதத்துக்கோ என்று ஒதுக்கப்படாமல் சிங்கப்பூர்ச் சமூகம் முழுமைக்கும் பயன்பட வேண்டும். தமிழர்களுக்கு மட்டும் என்று நினைத்துத் தொடங்கிய குழு இங்கே ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டும். தெருவில் படுப்பவரிடம் யாரும் இனம் கேட்டுப் பொட்டலம் கொடுப்பதில்லை, அதனால் நடைமுறையில் சிக்கல் குறைவு.

ஐபிசிக்கு ஏன் இவ்வளவு அடிதடி? 250 விழுக்காடு வரிக்கழிவு. 2023 வரவுசெலவுத் திட்டத்தில் இதை 2026 இறுதிவரை நீட்டித்தார்கள். ஆனால் யாருக்கு எவ்வளவு லாபம் என்று பாருங்கள். ஒருவர் 1,000 வெள்ளி தந்தால் வருமானத்தில் 2,500 கழியும். 7 விழுக்காடு வரி அடுக்கில் இருப்பவருக்கு மிச்சம் 175 வெள்ளி. 17 விழுக்காடு கட்டும் நிறுவனத்துக்கு 425. வரியே கட்டாதவருக்கு ஒன்றுமில்லை. உங்கள் கொடையாளர்கள் மாதம் 20 வெள்ளி போடும் துப்புரவு மேற்பார்வையாளரும் தாதியும் என்றால், ஐபிசி இல்லாததால் அவர்கள் விலகப் போவதில்லை. சிராங்கூன் சாலையில் கடை வைத்திருப்பவர்களும் சிறு நிறுவன முதலாளிகளும் என்றால் கதை வேறு. அவர்கள் முதலில் கேட்பதே அதைத்தான். பட்டியலை எடுத்து யார் யார் என்று பார்த்துவிட்டு அப்புறம் ஐபிசிக்கு அலையுங்கள்.

அடுத்தது இணைநிதி, அதாவது நாம் திரட்டுவதற்கு ஈடாகச் சேர்த்துத் தரும் பணம். டோட் வாரியத்தின் மேம்படுத்தப்பட்ட நிதித்திரட்டுத் திட்டம் அண்மை ஆண்டுகளில், திரட்டும் ஒரு வெள்ளிக்கு ஒரு வெள்ளி என்று, ஓர் அமைப்புக்கு நிதியாண்டுக்கு 250,000 வெள்ளி வரை தந்து வந்திருக்கிறது. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் நாட்டின் 60ஆம் ஆண்டு நிறைவான எஸ்ஜி60-ஐ ஒட்டி 270 மில்லியன் வெள்ளி எஸ்ஜி கிவ்ஸ் இணைநிதி அறிவித்தார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இவை காலம் குறித்த திட்டங்கள். இணைநிதி இருந்த ஆண்டின் வரவை வைத்து ஊழியரை நிரந்தரமாக நியமித்தால், அது நிற்கும் ஆண்டில் கையைக் கடிக்கும். இணைநிதியைச் சேமிப்பாகவும் ஒருமுறைச் செலவுக்காகவும் வைத்துக்கொள்ளுங்கள். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், விண்ணப்பிக்கும் முன் அந்த ஆண்டின் விதியைப் படியுங்கள்.

டோட் வாரியத்தின் பணம் சிங்கப்பூர் பூல்ஸிலிருந்தும் சூதாட்டக்கூட நுழைவுக் கட்டணத்திலிருந்தும் வருவது. குதிரைப் பந்தயமும் அதில் சேர்ந்திருந்தது, 2024 அக்டோபரோடு கிராஞ்சியில் ஓட்டம் நின்றுவிட்டது. சூதாட்டத்தில் வீட்டை இழந்தவருக்கு சூதாட்டப் பணத்தில் பாய் வாங்கித் தருவதா என்று ஒரு குழுவின் கூட்டத்தில் பெரிய வாக்குவாதமே நடந்தது. சமய அமைப்பைச் சேர்ந்த குழு என்றால் விண்ணப்பம் எழுதும் முன்னரே இதைப் பேசி முடித்துவிடுங்கள்.

மறைந்த செலவுகளுக்கு வருவோம். ஐபிசியின் நிதித்திரட்டுச் செலவு, திரட்டிய தொகையில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. நம் ஆட்களுக்கு நிதி என்றாலே ஹோட்டலில் விருந்து, மேசைக்கு இவ்வளவு, மேடையில் பாட்டு, பொன்னாடை. 150,000 வசூலாகி மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் 60,000 போனால் 40 விழுக்காடு, கதை முடிந்தது. தெருவில் உண்டியல் ஏந்தவும் வீடு வீடாகப் போகவும் உரிமம் வேண்டும். இணையத்தில் திரட்ட கிவிங்.எஸ்ஜி இருக்கிறது, கிவ்.ஏஷியா போன்ற தளங்கள் இருக்கின்றன. இணையத் திரட்டுக்கு 2018-இலிருந்து நடத்தை விதித்தொகுப்பும் உண்டு.

இணையத் திரட்டில்தான் நான் கடைசிக் கேள்வியாக வைத்த முகம் பற்றிய சங்கடம். ஒரு பெரியவரின் படத்தையும் பெஞ்சையும் பிளாஸ்டிக் பையையும் போட்டால் பணம் கொட்டும். அவர் அடுத்த மாதம் காவலாளி வேலைக்கு நேர்முகம் போகும்போது அந்தப் படம் இணையத்தில் அப்படியே இருக்கும். கை, காலணி, காலிப் படுக்கை என்று படம் எடுக்கும் குழுக்கள் உண்டு. வசூல் குறைவாகத்தான் வருகிறது. நான் குறைந்த வசூலின் பக்கம்.

ஒருவருக்காகத் திரட்டிய பணம் அவருக்கே போக வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும். மிச்சத்தை இன்னொருவருக்கு மாற்றுவது நம் இஷ்டமல்ல. "வீடற்றோர் பணிக்காக" என்று பொதுவாகக் கேட்டால் வசூல் மெதுவாக வரும், ஆனால் சம்பளத்துக்கு எடுக்கலாம்.

இந்த வழியில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று: மாதாந்தரக் கொடை. மாதம் 50 வெள்ளி கைரோவில் (வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் முறை) தரும் நூறு பேர் என்றால் ஆண்டுக்கு 60,000. மேலே போட்ட கணக்கைப் பாருங்கள், ஏறக்குறைய ஓர் ஊழியர். நம் சமூகத்துக்கு இது புதிதும் அல்ல. சம்பளத்தில் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவுக்கு மாதா மாதம் 1 வெள்ளியிலிருந்து 30 வெள்ளி வரை பிடிப்பது எத்தனையோ ஆண்டாக நடக்கிறது, யாரும் அதை நினைத்துக்கொண்டுகூட இருப்பதில்லை. கம்யூனிட்டி செஸ்ட்டின் ஷேர் திட்டமும் இதே முறைதான். நூறு பேரைச் சேர்க்க ஓரிரு ஆண்டு ஆகும். பத்து பேர் விலகுவார்கள், பத்து பேர் வருவார்கள். விருந்தைவிட இது மெதுவானது, ஆனால் மறுநாள் காலையிலும் பணம் இருக்கும்.

எப்போது இது சரி: உங்களைத் தெரிந்த, உங்கள்மேல் நம்பிக்கை உள்ள ஒரு வட்டம் ஏற்கெனவே இருந்து, அதில் ஒருவராவது கணக்கு, படிவ வேலையை விருப்பத்தோடு செய்யும்போது. விருப்பமில்லாமல் தலையில் கட்டினால் அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பொருளாளர் பதவிக்கு ஆள் இருக்காது.

## வழி 3: நிறுவனங்கள், அறக்கட்டளைகள்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். நிறுவனங்களுக்குச் சுவர் பூசவும், பொருள் அடங்கிய பைகள் கட்டவும், படம் எடுத்துக்கொள்ளவும் பிடிக்கும். ஊழியர்களை ஐபிசியில் தொண்டூழியம் செய்ய அனுப்பினால் அந்தச் சம்பளச் செலவுக்கும் 250 விழுக்காடு கழிவு உண்டு. ஆனால் நாற்பது பேர் ஒரு மதியம் வந்து சுவர் பூச உங்கள் ஊழியர் இரண்டு நாள் ஏற்பாடு செய்ய வேண்டும். அந்த இரண்டு நாளுக்கும் காசு கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, பல நிறுவனங்கள் தருகின்றன, யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

அறக்கட்டளைகள் வேறு ரகம். புதிய முயற்சிக்குத் தருவார்கள், இரண்டு மூன்று ஆண்டு தருவார்கள், அதன் பிறகு "எப்படித் தொடரப் போகிறீர்கள்?" என்பார்கள். 2008-இல் தொடங்கிய சிங்கப்பூர்ச் சமூக அறநிறுவனத்தில் 200,000 வெள்ளியிலிருந்து தன் பெயரில் நிதி வைத்துக் கொடுக்கும் செல்வந்தர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு வீட்டுவசதியில் அக்கறை இருந்தால் நல்ல காலம். தேசிய சமூகச் சேவை மன்றத்தின் சமூக ஆற்றல் அறக்கட்டளை மென்பொருள், நிர்வாகத் திறன் போன்றவற்றுக்கு. அன்றாடச் செலவுக்கு அல்ல. குடிமக்களின் சிறு முயற்சிகளுக்கு நம் சிங்கப்பூர் நிதியில் செலவின் 80 விழுக்காடு, 20,000 வெள்ளி வரை என்ற வரம்பில் முன்பு உதவி கிடைத்து வந்தது. இப்படிச் செலவில் ஒரு பகுதியை மட்டும் தரும் நிதி என்றால், மீதியை எங்கிருந்து போடுவீர்கள் என்று யோசித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

எப்போது இது சரி: ஒருமுறைச் செலவு இருக்கும்போது. லாக்கர், துவைக்கும் இயந்திரம், வாடகை வீட்டுக்குள் நுழைபவருக்கு மெத்தை, ரைஸ் குக்கர், முதல் மாத வாடகை. வெறும் வீட்டின் சாவியை மட்டும் கையில் வாங்கிக்கொண்டு தரையில் படுத்தவர், அதற்குப் பழைய பெஞ்சே தேவலை என்று திரும்பிப் போனதும் உண்டு.

## வழி 4: இன்னோர் அமைப்பின் நிழலில்

கேட்பவர்களில் பாதிப் பேருக்கு நான் இதைத்தான் சொல்கிறேன், அவர்களுக்கு முகம் வாடிவிடுகிறது. சொந்தப் பெயர், சொந்தச் சின்னம், சொந்த டீ-சட்டை என்ற கனவோடு வந்திருப்பார்கள்.

ஏற்கெனவே பதிவும் ஐபிசியும் உள்ள அமைப்பின் ஒரு திட்டமாக நடத்துவது. வருகிற நன்கொடை அவர்கள் கணக்குக்குப் போகும், வரிக்கழிவுச் சீட்டும் அவர்களே தருவார்கள், தணிக்கையும் அவர்களோடு. நிர்வாகச் செலவுக்கென்று ஒரு பகுதியை எடுத்துக்கொள்வார்கள். அதைப் பார்த்து "நம் பணத்தைப் பிடித்துக்கொள்கிறார்களே" என்று கோபப்படுபவர்கள், தனியாக ஒரு தணிக்கையாளரை அமர்த்தினால் எவ்வளவு என்று விசாரித்துவிட்டு வாருங்கள்.

மறைந்த செலவு வேறு இடத்தில். முடிவு உங்களுடையது அல்ல. உறவு கசந்தால் பணம் அவர்களிடமே தங்கும். யார் பெயரில் திரட்டினோம், விலகினால் மிச்சம் என்னாகும், உதவி பெறுபவர்களின் தனிப்பட்ட தகவல் யாரிடம் இருக்கும் என்பதை முதல் வாரமே தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். "நமக்குள்ளே என்ன?" என்று விட்டவர்கள்தான் பிறகு வழக்கறிஞரைத் தேடுகிறார்கள்.

இப்படிச் சேர்ந்தே காலம் தள்ளுவதும் தோல்வி அல்ல. ஹோம்லெஸ் ஹார்ட்ஸ் ஆஃப் சிங்கப்பூர் 2014-இல் தெருவில் இருப்பவர்களோடு பேசிப் பழகும் தொண்டூழியர்களாகத் தொடங்கி, பிறகுதான் பதிவு பெற்ற அறநிறுவனமானது. முதலில் ஆட்களைத் தெரிந்துகொள்வது, அப்புறம் அமைப்பைக் கட்டுவது என்ற வரிசை எனக்குச் சரியாகப் படுகிறது.

எப்போது இது சரி: ஆண்டுச் செலவு ஓர் ஊழியரின் சம்பளத்தைவிடக் குறைவாக இருக்கும்வரை.

## ஒரே பார்வையில்

| கேள்வி | அரசு நிதி | பொதுமக்கள், ஐபிசி | நிறுவனம், அறக்கட்டளை | இன்னோர் அமைப்பின் கீழ் |
|---|---|---|---|---|
| சம்பளத்துக்கு ஆகுமா | ஆகும், ஒப்பந்தம் இருந்தால் | பொதுவாகத் திரட்டினால் ஆகும் | அரிது | பேசி வைத்தபடி |
| எத்தனை ஆண்டு | ஒப்பந்தக் காலம் | மாதக் கொடை நீடிக்கும், விருந்து நீடிக்காது | இரண்டு, மூன்று | உறவு உள்ளவரை |
| பணம் எப்போது | ஒப்பந்தப்படி, தவணையாக | நன்கொடை உடனே, இணைநிதி பிறகு | தவணையாக, சில வேளை பில்லுக்குப் பின் | அவர்கள் கணக்கு வழியே |
| படிவ வேலை | மிக அதிகம் | அதிகம் | நடுத்தரம், ஆனால் ஆளுக்கு ஒரு படிவம் | குறைவு |
| யார் தீர்மானிப்பது | பெரும்பாலும் திட்ட விதிகள் | நீங்கள் | கொடுப்பவரும் நீங்களும் | அந்த அமைப்பு |
| முகம் காட்டும் அழுத்தம் | இல்லை | அதிகம் | உண்டு | அமைப்பைப் பொறுத்தது |
| எதிர்பாராத செலவு | இடம், இரவு ஆள், மூட்டைப்பூச்சி | 30 விழுக்காட்டு வரம்பு, பொருளாளரின் தூக்கம் | ஏற்பாட்டு நாள்கள் | பிரியும்போது மிச்சப் பணம் |

## கையில் 30,000 வெள்ளி இருக்கும் குழு என்ன செய்யலாம்

கேள்வி கேட்டவர்களில் ஒரு குழுவிடம் ஏறக்குறைய இவ்வளவு இருந்தது. இடம் வாடகைக்கு எடுத்து இரவுத் தங்குமிடம் தொடங்க நினைத்தார்கள். யானையைக் கட்டித் தீனி போடும் வேலை அது. முதல் ஆண்டிலேயே பணம் கரைந்துவிடும். நான் சொன்னது: ஐபிசி உள்ள அமைப்பு ஒன்றோடு சேர்ந்து, அந்தப் பணத்தில் வாரம் இரண்டரை நாள் வேலை செய்யும் ஊழியர் ஒருவரை ஓராண்டுக்கு வையுங்கள். பொட்டலம் கொடுக்கும் தொண்டூழியர்கள் இரவில் யார் யாரைப் பார்த்தார்கள் என்ற பெயரும் இடமும் அவரிடம் போகட்டும். சம்மதம் கேட்டுத்தான். பகலில் அலுவலகங்களுக்கு அவர் அலையட்டும். அதே ஆண்டில் மாதக் கொடையாளர்களைத் தேடுங்கள், ஐம்பது பேர் கிடைத்தால் அவரை அடுத்த ஆண்டும் வைத்திருக்கலாம். கிடைக்காவிட்டால் அமைப்பைப் பதிவு செய்ய நேரம் வரவில்லை என்று பொருள்.

குழுவில் ஒருவர் கேட்டார்: "அப்போது பொட்டலத்துக்குக் காசு?" அதற்கு ஆள் இருக்கிறது, அம்மா. அடுத்த திதிக்கு யாராவது கண்டிப்பாகப் போன் போடுவார்கள். அவர்களிடம் பொட்டலத்துக்கு வாங்கிக்கொண்டு, கூடவே மாதம் 50 வெள்ளிக்கான கைரோ படிவத்தையும் நீட்டுங்கள்.